உலையும் உவமையும்

துன்பத்தைப் பற்றி மறையுரை ஆற்றும்போது நம் நாவில் முதலில் வந்து நிற்பது உலைக்கள உவமை. பொன் நெருப்பில் புடமிடப்படுவதுபோல் மனிதர் துன்பத்தில் புடமிடப்படுகின்றனர் என்கிறோம். இரும்பு நெருப்பில் காய்ந்து, சம்மட்டியால் அடிபட்டு, நீரில் தோய்ந்த பிறகே வாளாகிறது என்றும் அதனோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். கேட்போர் தலையசைக்கின்றனர். ஆலயத்தில் சொல்லப்படும் வரை இவ்வுவமையால் பெருந்தீங்கு எதுவும் விளைவதில்லை. ஆனால் அது ஆலயத்தோடு நின்றுவிடுவதில்லை. மூன்று வயதுக் குழந்தையை அடக்கம் செய்துவிட்டுத் திண்ணையில் சுருண்டு கிடக்கும் தாயிடமும் யாரோ ஒருவர் குனிந்து, “ஆண்டவர் உன்னைப் புடம் போடுகிறார் அம்மா” என்கிறார். அவ்வேளையில் அந்தத் தாயின் முகத்தை நோக்கியவர்கள், உவமையைக் கொண்டும் ஒருவரை அடிக்க முடியும் என்பதை அறிவார்கள்.

துன்பம் மனிதரை உறுதிப்படுத்துகிறதா? உறுதிப்படுத்துவதாகவே கொள்வோம், அதைத் துன்புறுகிறவரிடம் எடுத்துச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? இவ்விரண்டு வினாக்களையும் இங்கே சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க விழைகிறோம். உவமை உலைக்களத்திலிருந்து வந்தது. ஆகவே உலைக்களத்தையே முதலில் கேட்பது முறை.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். பொன்னைப் புடமிடுவது ஒரு தொழில். எஃகைத் தோய்த்துப் பதமாக்குவது வேறொரு தொழில். மலாக்கி இறைவாக்கினர் பேசுவதும், சாலமோனின் ஞானநூல் பேசுவதும், பேதுருவின் முதல் திருமுகம் பேசுவதும் பொன்னையும் வெள்ளியையும் பற்றியே. அங்கே நெருப்பு பிரிக்கிறது. கலந்து கிடக்கும் கசடு விலகுகிறது. முன்பே இருந்த பொன் பொன்னாகவே வெளிப்படுகிறது. எஃகைக் கடினப்படுத்தும் நெருப்போ எதையும் வெளியேற்றுவதில்லை. உலைக்குள் சென்ற அதே இரும்பும் அதே கரிமமும் திரும்பி வருகின்றன. உள்ளே அவை அமர்ந்திருக்கும் ஒழுங்கு மட்டுமே மாறியிருக்கிறது. ‘துன்பம் உன்னை வலிமையாக்கும்’ என்று ஆறுதல் சொல்கிறவர், திருநூலின் பொற்கொல்லர் உவமையைச் சொல்வதாக எண்ணிக்கொண்டு, உண்மையில் இரும்புக் கொல்லரின் உவமையைச் சொல்லுகிறார். திருநூல் இரும்புக் கொல்லரை அறியாததன்று. சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரத்தில் அவரை மிக அருகில் நின்று பார்க்கிறது. அனலில் வேகும் அவர் உடல், சம்மட்டி ஓசையில் செவிடாகும் அவர் காது, செய்யும் பொருளின் மாதிரியை விட்டு அகலாத அவர் கண் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் அந்த நெருப்பை நம் துன்பத்தோடு ஒப்பிடும் சொல் ஒன்றுகூட அங்கே இல்லை. இது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

இரும்புக் கொல்லரின் உவமையைச் சொல்வதானால், அதை முழுமையாகச் சொல்ல வேண்டும். அதற்குத் துருவேறா எஃகினால் கையால் கத்தி செய்வோரின் தொழிலை எடுத்துக்கொள்வோம். அத்தொழிலில் நெருப்பின் பங்கு மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. துருவேறா எஃகு என்றதும் நம் அடுக்களை எவர்சில்வர் குடம் நினைவுக்கு வரும். அது வேறு இனம். அதில் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. நெருப்பில் எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் அது கடினமாகாது. கத்திக்குரிய எஃகில் காந்தம் ஒட்டும். அது நெருப்பினால் கடினமாகும். அதன் கதை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் தொடங்குகிறது.

ஹாரி பிரியர்லி 1871இல் அந்நகரில் எஃகு உருக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். ஆய்வுக்கூடத்தில் சீசா கழுவும் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்து, பிற்காலத்தில் பிரவுன் ஃபர்த் ஆய்வுக்கூடத்தின் தலைவரானார். துப்பாக்கிக் குழல்களின் உட்புறம் அரிபடுவதைத் தடுக்க வழி தேடுமாறு 1912இல் அவரிடம் கேட்கப்பட்டது. 1913 ஆகஸ்டில் 12.8 விழுக்காடு குரோமியமும் 0.24 விழுக்காடு கரிமமும் கொண்ட எஃகு ஒன்றை அவர் வார்த்தார். நுண்ணோக்கியில் காண்பதற்காக அதன் மேற்பரப்பை அமிலத்தால் அரிக்க முயன்றபோது, அது வழக்கம்போல் அரிபடவில்லை. காடியும் எலுமிச்சைச் சாறும் அதில் கறை படியச் செய்யவில்லை. அக்காலத்து மேசைக் கத்திகள் ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் தேய்த்துத் துலக்கப்பட வேண்டியவை. ஆகவே இவ்வெஃகு கத்திக்கு ஏற்றது என்று பிரியர்லி கண்டுகொண்டார். ஆனால் அந்நகரின் கத்தித் தொழிலாளர் அதை ஏற்கவில்லை. அடிக்கவும் வரவில்லை, சாணை பிடிக்கவும் வரவில்லை, பதமும் ஏறவில்லை என்றனர். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று பிரியர்லியை நகையாடினர்.

பழைய கரிம எஃகு ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் தோய்த்தலுக்குத் தயாராகிவிடும். இப்புதிய எஃகுக்கோ 1000 டிகிரியை ஒட்டிய சூடு தேவை. பழைய எஃகுக்குப் பழகிய சூட்டில் இதை நடத்தினால் இது மென்மையாகவே நின்றுவிடும், வெட்டாது. எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழில் மேலாளர் 1914இல் இதை முயன்று பார்த்தார். முதல் முயற்சியில் அவருடைய அச்சுக் கருவிகள் பாழாயின. அடுத்த முயற்சியில் கத்திகள் மிகையான கடினத்தால் நொறுங்கும் தன்மையாயின. மூன்றாம் முறை பிரியர்லியே அருகில் நின்றார். அவருக்குக் கத்தி செய்யத் தெரியாது. ஆனால் அவ்வெஃகு எந்தச் சூட்டில் இணங்கும் என்பது தெரியும். கத்திகள் நன்றாக அமைந்தன.

எஃகு ஒன்றே. மூன்று முறை நெருப்பைக் கண்டது. முதலிரு முறையும் ‘இது தரமற்ற எஃகு’ என்று கூற யாவருக்கும் எளிதாயிருந்திருக்கும். துன்பத்தில் ஒடிந்துபோனவர்களைப் பற்றி நாம் எத்தனை முறை இவ்வாறு பேசக் கேட்கிறோம்! கணவனை இழந்தபின் கோவிலுக்கு வராமற்போன பெண்ணைக் குறித்து, ‘அவளுக்கு விசுவாசம் போதாது’ என்கிறது ஊர். எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம், யார் துணையுமின்றி அவள் நின்றாள் என்று யாரும் கேட்பதில்லை.

இன்றைய கைவினைஞர் இத்தொழிலை எவ்வாறு செய்கிறார் என்பதைச் சற்று விரிவாகவே காண்போம். சவர அலகுகளுக்கென்று சுவீடனில் உருவாக்கப்பட்ட எஃகு ஒன்று கத்தி செய்வோரிடையே பெரிதும் விரும்பப்படுகிறது. அதில் ஏறத்தாழ 0.67 விழுக்காடு கரிமமும் 13 விழுக்காடு குரோமியமும் உள்ளன. பட்டையாக அது வாங்கப்படும்போது மென்மையாக இருக்கும். அரத்துக்கும் துளைக்கருவிக்கும் இணங்கும். அந்நிலையில் கரிமமும் குரோமியத்தின் ஒரு பகுதியும் கார்பைடு என்னும் நுண்மணிகளாகக் கட்டுண்டு கிடக்கின்றன. கட்டுண்ட குரோமியம் துருவைத் தடுக்க உதவாது. எஃகில் கரைந்து நிற்கும் குரோமியமே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, மயிரிழையின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே உள்ள மெல்லிய படலத்தை மேற்பரப்பில் போர்த்துகிறது. கீறினாலும் அப்படலம் தானே மீண்டும் படரும். ஆகவே துருவேறா எஃகு என்று பெயர் பெற்ற இப்பட்டை, நெருப்பைக் காணும் முன்னர் அப்பெயருக்கு முழுத் தகுதி பெற்றதன்று. பிரியர்லி 1916இல் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமையிலும், உரிமை கோரப்பட்ட பொருள் கடினப்படுத்தி மெருகேற்றப்பட்ட பொருளே.

இதை நாம் மறைக்க விரும்பவில்லை. நெருப்புக்கு ஒரு பணி உண்டு. உலைக்கள உவமையை முற்றிலும் எறிந்துவிட வேண்டும் என்போரோடு நாம் இந்த இடத்தில் உடன்பட இயலாது. நெருப்பைக் காணாத எஃகு வெட்டாது. எளிதில் கறையும் படியும். உள்ளே இருக்கும் நன்மை கட்டுண்டே கிடக்கும்.

ஆயினும் அந்நெருப்பு எத்தகையது? கத்தி வடிவம் பெற்ற எஃகைக் காற்றுப் படாதவாறு மெல்லிய உலோகத் தாளில் பொதிந்து மின்சூளையில் வைக்கின்றனர். 1040 முதல் 1080 டிகிரி வரை சூடு. 10 அல்லது 15 நிமிடம். நம் ஊர்க் கொல்லர் அரிவாளின் நிறத்தைப் பார்த்தே பதம் அறிவார்; இங்கே கண் போதாது, வெப்பமானி வேண்டும். சூடு குறைந்தால் கார்பைடு கரையாது. கத்தி மென்மையாக நின்று, துருவும் பிடிக்கும். சூடு மிகுந்தாலோ நேரம் நீண்டாலோ உள்ளிருக்கும் மணிகள் பருத்து, எஃகு ஒடியும் தன்மை பெறும். போதிய கடினமும் ஏறாது. இருபது முப்பது டிகிரி வேறுபாட்டில் நன்மை தீமையாகிவிடுகிறது. ‘நெருப்பு எஃகை வலிமையாக்கும்’ என்ற சொற்றொடர் ஆகவே பாதி உண்மை. அளவற்ற நெருப்பு எஃகைக் கெடுக்கும் என்பது மற்றப் பாதி.

சூளையிலிருந்து எடுத்ததும் இரண்டு தடித்த அலுமினியப் பலகைகளுக்கிடையே கத்தியை அழுத்திக் குளிர்விக்கின்றனர். குரோமியம் மிகுந்த எஃகு நிதானமானது. அதற்கு நீரின் அதிர்ச்சி வேண்டியதில்லை. பலகைகள் குளிர்விப்பதோடு, கத்தி வளையாதவாறு பிடித்தும் வைக்கின்றன. அறையின் வெப்பநிலைக்கு வந்த பின்னும் உள்ளே ஒரு பகுதி உருமாறாமல் எஞ்சி நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. அதை மாற்றுவதற்காக உலர்பனிக்கட்டியின் குளிரிலோ, சுழியத்துக்குக் கீழ் 196 டிகிரியில் இருக்கும் நீர்ம நைட்ரஜனிலோ கத்தியை மேலும் குளிர்விக்கின்றனர்.

இப்போது கத்தி தன் கடினத்தின் உச்சத்தில் இருக்கிறது. அரம் அதன்மேல் வழுக்கிச் செல்லும். ஆனால் பயன்படுத்தத் தகுதியற்ற நிலையும் இதுவே. கல் தரையில் தவறி விழுந்தால் கண்ணாடிபோல் உடையக்கூடும். இந்நிலையில் அதை நெடுநேரம் விட்டுவைப்பது தவறு என்று கைதேர்ந்தவர்கள் அறிவர். உடனே அதை இன்னொரு நெருப்பில் வைக்கின்றனர். 150 முதல் 200 டிகிரி வரையுள்ள இந்தச் சூடு முந்தியதன் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ரொட்டி சுடும் அடுப்பின் சூடுதான். ஆனால் இரண்டு மணி நேரம் அதில் இருக்கிறது. குளிர்ந்தபின் மீண்டும் இரண்டு மணி நேரம். முதல் முறையில் புதிதாக உருமாறிய பகுதியும் இளக வேண்டுமல்லவா? இதன் முடிவில் கடினத்தில் சிறிது குறைந்திருக்கும். அதற்கு ஈடாக, ஒடியாமல் தாங்கும் தன்மையை எஃகு பெற்றிருக்கும். பெரிய நெருப்பு நிமிடங்களில் முடிந்தது. இச்சிறு நெருப்புக்கோ நான்கு மணி நேரம் ஆயிற்று.

கடினம் வேறு, தாங்கும் வலு வேறு. மனத்திடம் என்னும் நற்பண்பைப் பற்றி எழுதும் புனித தாமஸ் அக்குவினாஸ், எதிர்த்துத் தாக்குவதைக் காட்டிலும் தாங்கி நிற்பதே அதன் தலையாய செயல் என்று நிறுவுகிறார். துன்பத்தால் கடினமானவர்கள் நம் பங்குகளில் ஏராளம். தங்கள் இளமையில் பட்ட அடிகளைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளின் கண்ணீரை ஏளனம் செய்யும் தந்தையர் உண்டு. இவர்களும் உலையைக் கண்டவர்களே. இன்னொன்றையும் இங்குச் சொல்ல வேண்டும். இவ்வின எஃகுகள் சிலவற்றை 500 டிகிரியை ஒட்டிய சூட்டில் இரண்டாம் முறை காய்ச்சினால் கடினம் உயரும். ஆனால் அந்தச் சூட்டில் குரோமியம் மீண்டும் கார்பைடாகக் கட்டுண்டுவிடுவதால், துருவைத் தடுக்கும் ஆற்றல் குன்றிவிடுகிறது. துருவைத் தடுத்து நின்றதைச் செலவிட்டுப் பெற்ற கடினம் அது. மனிதரிடத்தும் அத்தகைய கடினத்தைக் கண்டிருக்கிறோம். அதை விசுவாச உறுதி என்று தவறாகப் புகழ்வதையும் கண்டிருக்கிறோம்.

‘புனிதர்கள் துன்பத்தால்தானே புனிதரானார்கள்?’ என்று கேட்கலாம். லொயோலா இஞ்ஞாசியாரை எடுத்துக்கொள்வோம். 1521 மே மாதம் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. அக்குண்டே அவரை மாற்றியது என்று மறையுரைகளில் சொல்லி முடித்துவிடுகிறோம். அக்காலப் போர்களில் கால் முறிந்தவர் எத்தனையோ பேர். இஞ்ஞாசியார் மாதக்கணக்கில் லொயோலா இல்லத்தில் படுத்திருந்தார். அவருடைய அண்ணி மக்தலேனா அவரைப் பேணினார். கிறிஸ்துவின் வரலாற்றையும் புனிதர்களின் வரலாற்றையும் படிக்கக் கொடுத்தார். அந்த நீண்ட, மெல்லிய சூட்டில்தான் மனமாற்றம் நிகழ்ந்தது. குண்டைப் பற்றி யாவரும் பேசுகிறோம்; அண்ணியாரைப் பற்றிப் பேசுவோர் அரியர்.

இனி நம் இரண்டாம் வினாவுக்கு வருவோம். உலைக்கள உவமையின் பெருங்குறை, மனிதத் துன்பத்துக்கு வெப்பமானி இல்லை என்பதே. புற்றுநோய் அளந்து வருவதில்லை. போரும் பஞ்சமும் கடற்கோளும் இவர் இவ்வளவுதான் தாங்குவார் என்று பார்த்து வருவதில்லை. அவ்வாறிருக்க, ‘இந்தச் சூட்டை உனக்கென்று இறைவனே அளந்து வைத்தார்’ என்று இழந்தவரிடம் சொல்வது, நாம் அறியாத ஒன்றை அறிந்ததாகச் சொல்வதாகும். அதைவிடக் கொடிது, இறைவனைக் குழந்தையின் சாவைக் கருவியாகக் கொள்ளும் கொல்லராக்கிவிடுவது. சாலமோனின் ஞானநூல் 3ஆம் அதிகாரத்தை நாம் அடக்கத் திருப்பலிகளில் வாசிக்கிறோம். நேர்மையாளர் உலையில் பொன்போல் சோதிக்கப்பட்டதாக அது கூறுகிறது. அதே நூலின் முதல் அதிகாரம், சாவு இறைவன் உண்டாக்கியதன்று என்றும் உயிர்களின் அழிவில் அவர் மகிழ்வதில்லை என்றும் கூறுகிறது. முதல் அதிகாரத்தைப் படிக்காமல் மூன்றாம் அதிகாரத்துக்குச் செல்வது நம் பழக்கமாகிவிட்டது.

யோபு நூல் இதில் இன்னும் கூர்மையானது. சோதனைக்குப்பின் பொன்னாக வெளிவருவேன் என்னும் சொல் 23ஆம் அதிகாரத்தில் வருகிறது. அதைச் சொல்பவர் யார்? எலிப்பாசு அல்லர், பில்தாது அல்லர், சோப்பாரும் அல்லர். சாம்பலில் அமர்ந்திருக்கும் யோபே சொல்கிறார். அதுவும் இறைவனை எங்கே தேடியும் காணவில்லை என்று புலம்பிக்கொண்டிருக்கும் வேளையில் சொல்கிறார். நண்பர்களோ கண்டித்துத் திருத்தும் இறைவனைப் பற்றி ஒழுங்கான இறையியலைப் பேசினார்கள். நூலின் இறுதியில் ஆண்டவர் சினந்துகொண்டது அவர்கள்மீதே. தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபு என்கிறார். நெருப்பிலிருப்பவர் ‘நான் பொன்னாவேன்’ என்றால் அது விசுவாச அறிக்கை. நெருப்புக்கு வெளியே நிற்பவர் அதே சொல்லை எடுத்து அவரிடம் நீட்டினால், அதன் பொருள் முற்றும் மாறிவிடுகிறது. அந்த நண்பர்கள் செய்த ஒரே நற்செயல், வந்தவுடன் ஏழு நாள் ஒரு சொல்லும் பேசாமல் யோபுவோடு தரையில் அமர்ந்திருந்ததுதான் என்று கருதுகிறோம்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் துன்பத்தின் மீட்புப் பொருள் பற்றி 1984 பிப்ரவரி 11இல் திருத்தூது மடல் ஒன்றை வெளியிட்டார். துன்பத்தின் பொருளை ஆழமாக ஆராயும் அம்மடல் நிறைவை நெருங்கும்போது நல்ல சமாரியரிடம் வந்து சேருகிறது. தன் துன்பத்தால் நன்மை செய்யவும், துன்புறுவோருக்கு நன்மை செய்யவும் கிறிஸ்து கற்பித்தார் என்கிறது அது. முன்னது துன்புறுபவருக்கு உரியது. பின்னது நமக்கு உரியது. சமாரியர் அடிபட்டுக் கிடந்தவரிடம் அவர் காயங்களின் பொருளை விளக்கவில்லை. எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார். மறுநாளும் அவரைப் பற்றிக் கவலைப்பட்டுச் சாவடிக்காரரிடம் காசு கொடுத்தார்.

மறுநாள் என்பதை நாம் அழுத்திச் சொல்கிறோம். நம் ஊர்களில் சாவு வீட்டுக்கு ஆள் குறைவதில்லை. அடக்கத்துக்கு ஊரே வருகிறது. முப்பதாம் நாள் திருப்பலிக்கும் உறவினர் வருகின்றனர். அதன்பின் வீடு வெறிச்சோடுகிறது. கடினத்தின் உச்சத்தில், ஒரு தட்டில் உடையக்கூடிய நிலையில், அவ்வீட்டார் தனியே விடப்படுகின்றனர். முதல் வாரத்து நெருப்பைக் குறைக்க நம்மால் இயலாது. நாற்பதாம் நாளும் நூறாம் நாளும் ஒரு மாலைப்பொழுதில் சென்று, பேச்சொன்றும் இல்லாவிட்டாலும் ஒரு மணி நேரம் அமர்ந்திருக்க நம்மால் இயலும். அன்பியக் கூட்டங்கள் இதை ஏற்றுச் செய்தால் நன்று. முறை வைத்துக்கொண்டு இரண்டிரண்டு பேராகச் செல்லலாம். மீண்டும் ஒருமுறை செல்லத்தான் வேண்டும்.

மலாக்கி நூலில் புடமிடுகிறவர் அமர்ந்திருக்கிறார் என்பதையும் மறந்துவிடுகிறோம். நெருப்பை மூட்டிவிட்டு அகன்று செல்பவராக அவரை இறைவாக்கினர் காணவில்லை. தானியேல் நூலின் சூளையிலும் மூவரோடு நான்காம் ஆள் ஒருவர் உலாவுவதை அரசன் காண்கிறான். சூளை அணைந்ததாக அங்கே சொல்லப்படவில்லை.

கத்தியின் கதையில் ஒரு சிறு செய்தி எஞ்சியிருக்கிறது. பதமேற்றிய பின் கூர்மை தருவதற்காக அதைச் சாணையில் தேய்க்க வேண்டும். உராய்வின் சூடு மிகுந்தால், அதுவரை செய்த வேலையெல்லாம் விளிம்பில் அழிந்துபோகும். எஃகு நீலம் பாய்ந்துவிடும். ஆகவே அருகில் ஒரு வாளி நீர் இருக்கும். ஒவ்வொரு தேய்ப்புக்குப் பின்னும் கத்தி அதில் அமிழும். கைதேர்ந்தவர்கள் இவ்வேலையில் பெரும்பாலும் கையுறை அணிவதில்லை. எஃகு கெடும் சூட்டுக்கு வெகு முன்னரே விரல் சுட்டுவிடும். விரல் சுட்டதும் நிறுத்துகிறார்கள்.